அக்கா பேசாமல் இருந்த ஏழு மாதம்

மே 5, திங்கள்

கிளம்பியாயிற்று. ஆறு உளவியலாளர்கள், ஆறு ஊர், பன்னிரண்டு நாள். அவர்களுடைய வாழ்க்கையும் வேலையும் பேட்டிகளாக ஒரே புத்தகத்தில் வேண்டுமாம் பதிப்பாளருக்கு. எனக்குக் கண் ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அதனால் அக்கா கார் ஓட்டுகிறாள். பள்ளி வேன் ஓட்டுகிறவள், இப்போது விடுமுறை. "மனசைப் பத்தித் தெரிஞ்சுக்க இவ்வளவு தூரம் போகணுமா? என் வேன்ல ஒரு நாள் உக்காரு, போதும்" என்றாள்.

மே 7, புதன்

பயத்தைப் பற்றி நாற்பது வருடம் ஆராய்ந்த பேராசிரியை. வீடு ஐந்தாவது மாடி. லிஃப்ட் இருந்தும் எங்களோடு படியேறித்தான் வந்தார். லிஃப்ட் என்றால் இன்னும் பயமாம். இத்தனை ஆராய்ச்சிக்கு அப்புறமுமா என்று கேட்டேன். "பயத்தைத் தெரிஞ்சுக்கத்தான் படிச்சேன். போக்கிக்க இல்ல."

நல்ல பதிலா, மழுப்பலா? புரியவில்லை.

மே 8, வியாழன், காலை

நாளை பார்க்கப் போகிறவர் குழந்தைகளின் மனத்தைப் பற்றி எழுதிய டாக்டர். அவருடைய புத்தகம் கல்லூரிகளில் பாடம். அவருக்குப் பெயர் வாங்கித் தந்த பக்கத்தை ஓட்டல் அறையில் சத்தமாக வாசித்தேன். தம்பி பிறந்த பொறாமையில் ஏழு மாதம் பேச்சை நிறுத்திய எட்டு வயதுச் சிறுமி.

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அது நான்தான்டா."

மடிப்பதை நிறுத்தவில்லை.

அதே நாள், மதியம்

அப்படியென்றால் அந்தத் தம்பி நான். நாற்பத்திரண்டு வயதில் தெரிகிறது! அம்மாவும் அப்பாவும் மூச்சு விடவில்லை. இப்போது இருவரும் இல்லை. என்னாலயா இவ பேச்சு நின்னுச்சு?

கேட்டுவிட்டேன். இல்லை என்றாள்.

அந்த வருடம் அப்பாவுக்கு வேலை போய்விட்டது. ஊருக்குத் தெரியக்கூடாது என்று தினமும் சாப்பாட்டுப் பையோடு கிளம்பிப் போய் நூலகத்தில் உட்கார்ந்திருந்தார். அக்கா பார்த்துவிட்டாள். "வாயைத் திறந்தே, அப்புறம் பாரு" என்றாளாம் அம்மா. அக்காவோ ஓட்டைவாய். திறந்தால் அதுதான் முதலில் வந்து விழும் என்று பயந்து ஒரேயடியாக மூடிவிட்டாள். அப்பாவுக்கு வேறு வேலை கிடைத்த அன்று பேசினாள். டாக்டரின் பொம்மை விளையாட்டு வைத்தியம் முடிந்ததும் அதே வாரம்தான்.

டாக்டர் பொய் எழுதவில்லை. அக்காவும் பொய் சொல்கிறவள் இல்லை. அப்போ — என்னதான் நடந்துச்சு?

மே 9, வெள்ளி

டாக்டர் அந்தக் கதையைப் பேத்தியைப் பற்றிச் சொல்வதுபோல் ஆசையாகச் சொன்னார். காரிலேயே இருக்கிறேன் என்றிருந்த அக்கா, பாதியில் உள்ளே வந்து நின்றாள். அந்தச் சிறுமி தான்தான் என்றாள். அப்பாவின் வேலை, நூலகம், எல்லாவற்றையும் சொன்னாள்.

"தம்பியைப் பத்தியே கேட்டீங்க சார். வீட்டுல வேற என்ன நடக்குதுன்னு ஒரு தடவைகூடக் கேக்கலை."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "கேட்டிருந்தா சொல்லியிருப்பியாம்மா?" என்றார்.

"மாட்டேன். ஆனா கேட்டிருக்கலாம்."

ரெக்கார்டரை அணைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே விட்டிருந்தேன்.

மே 10, சனி

வழியில் அக்கா தானாகவே சொன்னாள். "பொறாமையும் கொஞ்சம் இருந்துச்சுடா. நீ அழுதா எல்லாரும் ஓடி வருவாங்க."

அடிப்பாவி. அப்போ டாக்டர் சொன்னதும் சரியா?

"எனக்கென்னடா தெரியும். எட்டு வயசு."

ஜூன் 2

மற்ற ஐந்து பேட்டிகளும் எழுதியாயிற்று. டாக்டருடையது மட்டும் நகரவில்லை. யார் பக்கம் நின்று எழுதுவது? நானே அந்தக் கதையில் தொட்டிலில் கிடக்கிறேனே.

ஜூலை 21

யார் பக்கமும் நிற்கவில்லை. பேசியதைப் பேசியபடியே எழுதி டாக்டருக்கு அனுப்பினேன்.

ஆகஸ்ட் 19

திரும்பி வந்தது. ஒரு வரியும் வெட்டவில்லை. கடைசிப் பக்கத்தின் அடியில், தன் புத்தகத்தின் அந்தப் பகுதியையும் திருத்தப் போவதாகவும், அக்கா சம்மதித்தால் அவளிடம் மறுபடி பேச வேண்டும் என்றும் எழுதியிருந்தார்.

எடுத்துக்கொண்டு போனேன். அக்கா வேனைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடிவிட்டு, நின்றபடியே முழுவதும் படித்தாள். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லு என்றாள். அச்சில் உன் பெயரை மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன்.

"எதுக்கு? என் பேரையே போடு." பக்கங்களை என்னிடம் நீட்டினாள். "இனிஷியலோட போடு."

முன்னால் அப்பாவின் எழுத்து, அடுத்து அவள் பெயர். அங்கேயே எழுதிக் காட்டினேன். சரி என்று தலையசைத்துவிட்டுக் குழாயைத் திறந்தாள்.