ஷூ லேஸ்

ஜூலை 7, திங்கள்
காலையிலிருந்தே தூறல். ஈஜிபுரா தெரு முழுக்கச் சேறு. வேலைக்குக் கிளம்பும்போது கீழ்வீட்டு மேரியக்கா எதிரே வந்தார். நான் குனிந்து ஷூ லேசை அவிழ்த்து மறுபடி கட்டினேன். அவர் தாண்டிப் போனதும் கிளம்பினேன்.

ஏன் கட்டினேன்? லேஸ் நன்றாகத்தானே இருந்தது.

ஜூலை 8, செவ்வாய்
வாங்க: தோசை மாவு, கொசுவத்தி, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ 2. வியாழன் இண்டர்வியூ. எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்பெனி டிரைவர் வேலை, நிரந்தரம்.

லேஸ் விஷயம் மண்டையைக் குடைகிறது. மேரியக்கா கணவரை இழந்தவர். "தாலியறுத்தவ எதிர்ல வந்தா நின்னு போடா" என்பார் அப்பா. நான் ஞானஸ்நானம் எடுத்து மூன்று வருடம். ராகுகாலம் பார்ப்பதில்லை, கையில் கயிறு இல்லை. இது மட்டும் எங்கே ஒளிந்திருந்தது? திருவிருந்தில் அதே அக்கா பக்கத்தில் மண்டியிட்டு அதே அப்பத்தை வாங்குகிறேன். வெட்கம். அதைவிட ஆச்சரியம்.

மனைவி செல்வியிடம் சொன்னேன். தோசையைத் திருப்பிக்கொண்டே, "இப்பத்தான் தெரியுதா? டெய்லி அதான் பண்றீங்க. ஒரு நாள் தண்ணி குடிக்க உள்ள வருவீங்க, ஒரு நாள் ஷூ."

டெய்லியா!

ஜூலை 9, புதன்
சோதனை. லேஸ் இல்லாத செருப்பு. அக்கா வந்தார். கை சும்மா இருக்கவில்லை, பாக்கெட்டில் வீட்டுச் சாவியைத் தேடியது. சாவி இன்னொரு கையில். சிரிப்பு வந்தது, பிறகு பயம். ஜெபித்தேன். நாளை நிற்கக் கூடாது.

ஜூலை 10, வியாழன்
வெயில். 7.30. வாசலில் அக்கா இல்லை. மனதுக்குள் ஓர் 'அப்பாடா'. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். படியிறங்கினால் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் டிபன் பையோடு நிற்கிறார்.

"என்னக்கா இங்க?"

"நல்ல காரியத்துக்குப் போறியாமே தம்பி. நீ போ, நான் அப்புறம் வரேன்."

இத்தனை நாளும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"மன்னிச்சிடுங்கக்கா. நீங்க முன்னாடி நடங்க."

"வேல கிடைக்கலன்னா?"

"கிடைக்கலன்னாலும் நாளைக்கும் நீங்கதான் முன்னாடி" என்றேன். பஸ் ஸ்டாப் வரை அவர் பின்னாலேயே நடந்தேன்.

ஜூலை 11, வெள்ளி
மறுபடி தூறல். நேற்று மாலையே போன் வந்துவிட்டது. வேலை இல்லை. அக்காவுக்குத் தெரிந்தால் தன் தலையில் போட்டுக்கொள்வார், இனி தொட்டிப் பக்கம்தான் நிற்பார். 7.10 ஆகிறது. இன்று நான் முதலில் இறங்கி அவர் கதவுக்கு எதிரே நிற்கப் போகிறேன். லேசை உள்ளேயே கட்டியாயிற்று.