விரிப்பின் மறுமுனை

மே 4, திங்கள்

குளியலறைச் சுவரில் இன்று ஒரு கைப்பிடி முளைத்திருக்கிறது. மருமகன் அரை நாள் லீவு போட்டுச் சுவரைத் துளைத்து மாட்டியிருக்கிறார். பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர்கள் பிடித்துக்கொள்கிற கம்பி மாதிரி. பேத்தி அதில் ஒரு மீன் படத்தை வேறு ஒட்டி வைத்திருக்கிறாள். தரையில் முள்ளுமுள்ளாக ரப்பர் பாய். போன மாதம் சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்தேன். ஒரே ஒரு முறை. இந்த வீட்டில் விழாதவர் யார்? மருமகன் மாடிப்படியில் உருண்டபோது அவருக்கு யாராவது கம்பி மாட்டினார்களா?

அதைத் தொடவே மாட்டேன்.

வண்டிக்காரி போன் செய்தாள். சனிக்கிழமை ஆற்றங்கரையில் கூடாரம் போட்டு ஒரு ராத்திரி தங்கிவிட்டு வரலாமாம். அவள், இஸ்திரி, ஜோடி, நான். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஒன்றாக வெந்த நாலு பேர். வண்டிக்காரி அழுக்குத் துணி வண்டியை ஓட்டினாள். இஸ்திரிக்குப் பெயருக்கேற்ற வேலை. ஜோடியும் நானும் விரிப்பு மடித்தோம். இந்த முனையில் நான், அந்த முனையில் அவள். மறுமுனையில் நிற்பவளை அங்கே ஜோடி என்றுதான் சொல்வோம். மற்றவர்களுக்கு ஜோடி மாறிக்கொண்டே இருந்தது. எனக்கு மாறவேயில்லை. அதனால் அதுவே அவள் பெயராகிவிட்டது.

மகளிடம் சொன்னேன். "பார்க்கலாம்மா" என்றாள்.

பார்க்கலாமா? நான் கேட்கவில்லையே. சொன்னேன்.

மே 6, புதன்

மகள் சரி என்றுவிட்டாள். "ஜோடி அத்தை கூட இருக்காங்கல்ல? அப்ப சந்தோஷமாப் போயிட்டு வாம்மா." இவ்வளவு சுலபமாகச் சரி சொல்கிறவள் இல்லையே இவள் — போகட்டும்.

பையின் அடியில் பழைய நீலச் சீருடையை வைத்திருக்கிறேன், சட்டையும் கால்சட்டையும். சேலையோடு நீந்த முடியாது. படிப்பில் நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நீச்சலில் யாரும் என்னை நிறுத்த முடிந்ததில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓடிய ஆற்றில் பையன்களைத் தோற்கடித்துவிட்டு ஈரத்தலையோடு வகுப்பில் போய் உட்கார்ந்தவள் நான். மகளுக்கு இதெல்லாம் கதை. அவள் பார்த்த அம்மா கொதிநீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்ற அம்மா.

மே 9, சனி

நாங்கள் வந்த வண்டிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். வெந்து சாகிறேன். சாகட்டும். வெளியே அந்த மூன்று பேரும் இருக்கிறார்கள், போக மாட்டேன்.

காலையில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு மரங்களுக்கு நடுவே பழைய ஆஸ்பத்திரி விரிப்பை நிழலுக்குக் கட்டினோம். கூடாரத்துக்குள் யாரால் படுக்க முடியும், அப்படி ஒரு வெயில். ஆறே தூங்கிவிட்டதோ என்று நினைக்கும்படி தண்ணீர் அசையாமல் கிடந்தது. இஸ்திரி வாயைத் திறந்து குறட்டை விட்டாள். வண்டிக்காரி தர்பூசணி வெட்டித் தின்று விதைகளைத் தன் வயிற்றின் மேலேயே துப்பிக்கொண்டிருந்தாள். ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, யாரும் கூப்பிடப் போவதில்லை. இப்படி ஒரு பகலுக்கு எத்தனை வருஷம் ஏங்கியிருப்போம்!

ஆனால் நான் எழுந்தால் ஜோடி எழுந்தாள். "எங்கடி?" "சும்மா." "நானும் வரேன்." ஒதுங்கப் போனால் அங்கேயும் புதருக்கு அந்தப் பக்கம் அவள் இருமல்.

சீருடையை மாட்டிக்கொண்டு வந்தேன். சாப்பிட்டவுடன் இறங்கக் கூடாது என்றாள். சரி என்று படுத்தேன். அப்புறம் வெயில் தாழட்டும் என்றாள். அதற்கும் சரி. வெயில் தாழ்ந்ததும், "தண்ணி அழுக்கா இருக்குடி" என்றாள். அழுக்கு! என்னிடம்! ஒரு ஆஸ்பத்திரியின் அழுக்கையெல்லாம் வெளுத்தவளிடம்!

சோப்பு எடுக்க வண்டிக்குப் பின்னால் போனபோது கேட்டது. ஜோடி போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"இல்ல கண்ணு, கால்கூட நனைக்கல. நான் கண்ணையே எடுக்கல. உனக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்ல?"

கண்ணு என்றால் என் மகள்.

திரும்பி வந்து மற்ற இரண்டு பேரின் முகத்தையும் பார்த்தேன். இஸ்திரி திடீரென்று வானத்தை ஆராய்ந்தாள்.

"உங்களுக்கும் தெரியுமா?"

"சொன்னா நீ வந்திருப்பியா?" என்றாள் வண்டிக்காரி.

"மாட்டேன்."

"அதான் சொல்லல."

என்ன திமிர்! நான் என்ன பால்வாடிப் பிள்ளையா, அனுமதி வாங்கி ஆள் போட்டுக் கூட்டிக்கொண்டு போக? அதற்கு இவளா ஆள்? நேராக ஆற்றில் இறங்கினேன். முட்டி, இடுப்பு, நெஞ்சு. நீந்தத் தொடங்கும் நேரத்தில் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள் ஜோடி. எத்தனையோ வருஷம் கொதித்த துணி. கழுத்திலிருந்து இடுப்புவரை டர்ரென்று கிழிந்தது. அவள் அப்படியே என் மேல் சாய, இரண்டு பேரும் தண்ணீரைக் குடித்தோம்.

பக்கத்தில் கூடாரம் போட்டிருந்த காலேஜ் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். ஒருத்தன், "பாட்டி, பயப்படாதீங்க, கையைக் குடுங்க" என்றான்.

"யாருக்குடா பயம்?"

நான் கேட்டது யார் காதிலும் விழவில்லை. முதுகைத் துண்டால் மூடிக் கரையேற்றினார்கள். என் திறந்த முதுகை எல்லோரும் பார்த்தார்கள். இவள் மூச்சு வாங்கிக்கொண்டே அவர்களிடம், "அவளுக்குக் கொஞ்சம் தலைசுத்தல்ப்பா" என்கிறாள்!

எனக்கு! தலைசுற்றல்!

மே 10, ஞாயிறு

காலையில் கிளம்பும்போது ஜோடி விரிப்பை அவிழ்த்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுமுனை மணலில் கிடந்தது. சண்டை போட்ட நாட்களில்கூட நாங்கள் விரிப்பை விட்டதில்லை. வாய் பேசாது, கை மடிக்கும்.

நான் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

அவள் அதைப் பந்தாகச் சுருட்டிக் கொண்டுவந்தாள். ஜோடியா இப்படிச் சுருட்டுவாள்! இஸ்திரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மே 11, திங்கள்

வீட்டில் யாரிடமும் பேசவில்லை. கைப்பிடியைத் தொடாமல் குளித்தேன்.

மே 13, புதன்

மகளைப் பிடித்துக் கேட்டுவிட்டேன். "என்னை வேவு பார்க்க ஆள் வெச்சியா?"

மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்தேன். சண்டைக்கு வந்தாள். "ஆமா வெச்சேன். அன்னிக்கு பாத்ரூம் கதவை உடைச்சது யாரு? நீயா? உள்ள தண்ணி ஓடிட்டே இருக்கு, நான் தட்டறேன், தட்டறேன், நீ பேசவே மாட்டேங்கற. அந்தக் கதவுக்கு வெளிய நின்னு பாரும்மா ஒரு தடவ!"

கதவை உடைத்தாள் என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். தாழ்ப்பாள் பழுது என்றல்லவா சொல்லி வைத்திருந்தார்கள். அப்படியானால் நான் எவ்வளவு நேரம் கிடந்தேன்? கேட்கவில்லை.

கேட்காததற்கும் கோபம்தான் வருகிறது. இவர்கள் பயந்தால் அதற்கு நான் ஏன் கரையில் உட்கார வேண்டும்?

கிழிந்த சட்டையைப் பையில் காணோம். ஆற்றங்கரையிலேயே போட்டுவிட்டு வந்தேனோ, என்னவோ.

மே 16, சனி

இஸ்திரி போன் செய்தாள். ஜோடிக்குக் காய்ச்சலாம். எனக்கென்ன என்றேன்.

"உனக்கு ஒண்ணுமில்லதான். அவ தண்ணியில இறங்கினதைப் பாத்தியாடி? சலவைக்கூடத்துல தரையில தண்ணி நின்னாலே ஸ்டூல் மேல ஏறி நிக்கறவ. உன் பின்னாடி நெஞ்சளவுக்கு வந்தா. வரும்போது கண்ணை மூடிட்டு வந்தா."

போனை வைத்துவிட்டேன்.

அறிவு இருக்கிறதா அவளுக்கு? நான் நின்ற இடத்துக்கு அடுத்த அடி பள்ளம். என் காலுக்குத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு வந்தவளுக்குத் தெரியுமா? இன்னும் ஓரடி வைத்திருந்தால்? நான் அந்தப் பக்கம் நீந்திப் போயிருந்தால்? பின்னால் ஒருத்தி முழுகுவது தெரியாமலே போயிருப்பேன். காவல் காக்க வந்தாளாம் காவல்! நினைக்க நினைக்க உடம்பெல்லாம் எரிகிறது. சோறு இறங்கவில்லை.

மே 19, செவ்வாய்

வந்தாள். வாசலில் நின்றுகொண்டு, "உள்ள வரலாமா?" என்றாள்.

"என் மக கிட்டப் பர்மிஷன் வாங்கிட்டியா?"

செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள். பையிலிருந்து நீலச் சட்டையை எடுத்தாள். முதுகில் வெள்ளைப் பட்டை வைத்துத் தைத்திருந்தாள். விரிப்புத் துணி. பார்த்ததும் தெரிந்தது.

"தையல் கோணல்" என்றேன்.

"கண்ணு சரியாத் தெரியலடி."

"தெரியாத கண்ணை வெச்சுக்கிட்டா என்னை நாள் பூரா காவல் காத்த?"

சிரிக்கப் பார்த்தாள். நான் சிரிக்கவில்லை. "நீ விழுந்தன்னிக்கு உன் மக எனக்குத்தான் முதல்ல போன் பண்ணினா" என்றாள். "பேச்சே வரல அவளுக்கு. அழுகைதான். அப்புறம் வந்து சத்தியம் கேட்டா. நான் என்ன பண்ணுவேன்?"

"என்கிட்டச் சொல்லியிருக்கணும். அத்தனை வருஷம் அந்த முனையில நின்னவ நீ. முனையை விடறதுக்கு முன்னாடி சொல்லிட்டு விடணுமா, இல்லையா?"

சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"சனிக்கிழமை போலாமா?"

"எதுக்கு? மணல்ல உக்காரவா?"

"நீ நீந்தத்தான். உன் மக கிட்ட நான் பேசிக்கறேன்."

"அதுதான் வேண்டாங்கறேன்! பேசறதை என் காதுல விழற மாதிரி பேசு. இல்லன்னா பேசாத."

டீ கொடுத்தேன். காய்ச்சல் விட்ட வாய்க்குச் சர்க்கரை கூடப் போட்டேன். அவ்வளவுதான். வேறொன்றும் இல்லை.

மே 21, வியாழன்

சட்டையை அலசிக் குளியலறைக் கைப்பிடியில் காயப் போட்டேன். அதற்காவது உதவட்டும்.

மே 23, சனி

அதே இடம். அதே வெயில். இரண்டு மரங்களுக்கு நடுவே அதே விரிப்பு, ஒரு மூலையில் மட்டும் பட்டை அளவுக்கு வெட்டு. இஸ்திரி வந்ததும் தூங்கிவிட்டாள்.

ஜோடி கூடாரத்துக்குள்ளிருந்து வெளியே வந்தபோது வண்டிக்காரி தர்பூசணியைக் கீழே போட்டுவிட்டாள். இவளும் பழைய நீலச் சீருடையில் வந்திருக்கிறாள், வயிற்றில் பொத்தான் பூட்ட முடியாமல்.

நீந்தினேன். நடு ஆறுவரை போனேன். முன்போல இல்லை. மூச்சு வாங்கியது. மல்லாந்து மிதந்தேன். தண்ணீர் என்னைத் தாங்கியது, கைப்பிடி எதுவும் கேட்கவில்லை. தலையைத் திருப்பினால், கரையோரம் முட்டியளவுத் தண்ணீரில் ஜோடி. ஒரு கையில் போன், மறுகையில் வண்டிக்காரியின் தோள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

போன் அடித்தது. என் மகள்தான்.

"மணல்ல இல்ல கண்ணு" என்று ஜோடி கத்தினாள். ஆறு முழுக்கக் கேட்டது. "நடு ஆத்துல மல்லாந்து கிடக்கா! ஆமா, நான்தான் விட்டேன்! சத்தியத்தைத் திருப்பி வாங்கிக்க!" பிறகு, "பயமா இருந்தா அடுத்த வாட்டி நீயும் வா. நானும் பயந்துகிட்டுத்தான் நிக்கறேன், பக்கத்துல நின்னுக்க" என்றாள்.

கரையேறியதும் சொன்னேன்: "இன்னும் ஓரடி முன்னால வந்திருந்தா உன் காலை உடைச்சிருப்பேன்."

கோபம் போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். மகளிடம் நாளை பேச வேண்டியது இருக்கிறது. அந்தக் கதவைப் பற்றியும் கேட்க வேண்டும்.

வெயில் இறங்கிவிட்டது. விரிப்பை அவிழ்த்தாயிற்று. ஜோடி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். எழுதி முடிக்கட்டும் என்று காத்திருக்கிறாள். போகிறேன்.