தெருவுக்கு ஒரு சூரியத் தகடு

1986, ஐப்பசி, செவ்வாய் இரவு.

எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. மேலத்தெருப் பிரசவ அறை விளக்கின் பேட்டரி ஐப்பசி மூட்டத்திலும் முழுதாகச் சார்ஜ் ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டு, இரண்டு சூரியத் தகடுகள் மாட்டியது நான். இன்று போனால் கூரையில் ஒன்றுதான் இருக்கிறது. மற்றது கீழத்தெருச் சாவடியில், சந்தனம் குங்குமத்தோடு. அங்கே பேட்டரியே கிடையாது.

"ரெண்டையும் மேலத்தெருவுலயே வச்சா கீழத்தெருக்காரவிய சும்மா இருப்பாவளா தம்பி? தெருவுக்கு ஒண்ணுன்னு பங்கு வச்சாச்சு. வெயிலுக்கா இங்கன பஞ்சம்?" என்கிறார் பஞ்சாயத்துத் தலைவர்.

வெயிலைக் கண்டு ஒரு வாரம் ஆகிறது. நேற்றுப் பிரசவத்தின் நடுவே விளக்கு அணைந்து, நர்ஸம்மா அரிக்கேன் வெளிச்சத்தில் பிள்ளையை எடுத்திருக்கிறார். பிறந்தது கீழத்தெருப் பிள்ளை.

பேட்டரியை எப்படிப் பங்கு வைப்பது என்று நாளைக்குக் கூட்டமாம். "ரம்பம் கொண்டாரட்டுமா அண்ணாச்சி?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை, யோசித்தார்.