பை கிளம்பிவிட்டது

திருத்தணி,
சித்தூர் ஜில்லா.
சர்வதாரி வருஷம், பங்குனி மாதம்.

அருமை மகள் அம்சாவுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது.

இங்கே நானும் உன் நைனாவும் சௌக்கியம். உன் சௌக்கியத்துக்கும், ஜெய்சல்மீரில் உன் கையால் பிறக்கிற குழந்தைகளின் சௌக்கியத்துக்கும் சேர்த்து மலைமேல் இருப்பவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். சௌக்கியம் என்று நான் எழுதுவது கடிதத்தின் தலையில் ஏதாவது எழுத வேண்டுமே என்பதற்காக அல்ல. சாட்சி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். சென்ற கிருத்திகைக்கு மலைக்குப் படியேறிப் போய், சேவித்துவிட்டு, படியிறங்கியே வந்தேன். சாட்சி உன் அத்தை கோவிந்தம்மாள். எனக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தவள், பாதி வழியில், "இன்னா ஜெயா, ரயிலா புடிக்கப் போற, செத்த குந்திட்டுப் போலாம்" என்று என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். வீட்டுக்கு வந்து காப்பி குடித்துவிட்டுப் போனாள். நான் படுத்த படுக்கையாக இருப்பதாக உனக்குக் காகிதம் எழுதியவளும் அவளேதான். நடந்தது இவ்வளவுதான். இங்கிலீஷ் வருஷப் பிறப்புக்கு நடக்கும் படிப் பூஜையில் கூட்டம் நெருக்கியதில் எனக்குக் கணுக்கால் பிசகியது. எண்ணெய் தடவினேன், வீக்கம் வடிந்தது. உன் அத்தையின் காகிதத்தில் மட்டும் அந்த வீக்கம் கணுக்காலிலிருந்து ஏறி இடுப்பு வரை வந்திருக்கிறது. அவள் மகன் தங்கவேலுக்கு இன்னும் பெண் அமையவில்லை. அது அமைகிற வரையில் என் கால் குணமாகாது என்று நினைக்கிறேன்.

அந்தக் காகிதத்தை நம்பி, சித்திரை பிறந்ததும் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கே வந்துவிடுவதாக நீ எழுதியதைப் படித்தேன். உன் நைனாதான் முதலில் வாய்விட்டுப் படித்தார். ராஜினாமா என்ற இடம் வந்ததும் காகிதத்தை என் பக்கம் நீட்டிவிட்டார், மிச்சத்தை நான் வாங்கிப் படித்தேன். அவருடைய கஷ்டம் உனக்குப் புரிய வேண்டும். உன் கடிதம் எதுவானாலும் அவர் கடைக்கு எடுத்துப் போய், வேட்டி வாங்க வருகிறவர்களுக்குப் படித்துக் காட்டுவது வழக்கம். அம்மையார்குப்பத்திலிருந்து நெசவுச் சரக்கு கொண்டு வருகிறவர்கள் மூட்டையை இறக்கியதும் விலை கேட்பதில்லை, "பாப்பா காயிதம் வந்துச்சாண்ணா" என்றுதான் கேட்கிறார்கள். "எம் பொண்ணு அங்க டாக்டரம்மா" என்று அவர் சொல்ல, நர்ஸ் என்று நான் இரண்டு முறை திருத்தினேன். பிறகு விட்டுவிட்டேன், உத்தியோக உயர்வு கொடுப்பது கொடுக்கிறவர் இஷ்டம். போன மாதம் பள்ளிப்பட்டிலிருந்து வந்த ஒருவரிடம், உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக ஒட்டகம் தினம் வாசலில் வந்து நிற்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒட்டகத்தை நான் ஆட்சேபிக்கவில்லை. நடந்து போவதாக நீ எழுதியதை அவர் மறந்திருக்க மாட்டார், அது பள்ளிப்பட்டுக்குப் போதாது என்று எண்ணியிருப்பார். அப்படிப்பட்ட மனிதர் உன் கடைசிக் காகிதத்தை மட்டும் கடைக்கு எடுத்துப் போகவில்லை. கேட்டவர்களிடம் தபால் தாமதம் என்று சொல்லிவிட்டார். நம் தபால் இலாகா செய்யாத குற்றத்துக்கும் பொறுப்பேற்றுக்கொண்டு நிற்கிறது.

அம்மாவால் நடமாட முடியுமா என்பதுதானே உன் கேள்வி, அதற்குக் காகிதத்தில் பதில் சொல்வதைவிட நடமாடியே காட்டிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. உன்னைப் பார்க்க வருகிறேன் என்று அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னேன். உன் நைனா மோர் சாதத்திலிருந்து கையை எடுக்காமல், "போலாம், போலாம், காலம் பாத்துப் போணும்" என்றார். சரி, காலம் பார்ப்போம் என்று நீ இதுவரை எழுதியதை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். மார்கழியில் குடத்துத் தண்ணீரில் கை வைக்க முடியாத குளிர் என்றும், காலை வெயில் பட்டதும் மஞ்சள் கல் கோட்டை முழுவதும் நெய் தடவினாற்போல் மின்னும் என்றும் எழுதியிருந்தாய். உடனே கிளம்பலாம் போல இருந்தது. ஆனால் மார்கழியில் இங்கே படிப் பூஜை, அதை விட்டால் பொங்கல், கடையில் நிற்க ஆள் போதாது. ஆடி ஆவணியில் நாலு தூறல் விழுந்தால் ஏரி நிறையும், மணல்மேட்டின் அடியில் புல் முளைக்கும், மயில் வந்து கூரைமேல் உட்காரும் என்று எழுதியிருந்தாய். ஆடியில் இங்கே கிருத்திகை. காவடி எடுக்கிறவர்களுக்கு மஞ்சள் வேட்டி விற்றுத்தான் நம் வீட்டில் பாதி வருஷம் சமையல் நடக்கிறது. ஐப்பசியில் வானம் கழுவி விட்டாற்போல் இருக்கும் என்றாய். ஐப்பசியில் தீபாவளி, ஜவுளிக்கடைக்காரன் பெண்டாட்டி ஊரைவிட்டுப் போனால் ஊரே சிரிக்கும் என்றார். உன் ஊருக்கு நல்ல காலம் வருகிறபோதெல்லாம் நம் கடைக்கும் நல்ல காலம் வந்துவிடுகிறது. இப்படியே பார்த்தால் நான் புறப்படுவதற்குக் கடை நொடித்துப் போக வேண்டும்.

துணைக்கு யார் என்பது அடுத்த கேள்வி. நம் கடைக்குப் பக்கத்தில் இரும்புக் கடை வைத்திருக்கும் குலாம் ரசூல் அண்ணனை உனக்குத் தெரியும். நம் ஊரில் அந்தத் திசையைக் கண்ணால் பார்த்தவர் அவர் ஒருவர்தான், அஜ்மீர் தர்காவின் உருசுத் திருவிழாவுக்குப் போய் வந்தவர். நடுவில் இரண்டு வருஷம், பிரிவினைக் கலவரத்தில் ரயிலில் ஏறவே எல்லோரும் யோசித்த காலத்தில், அவரும் போகவில்லை. இந்த வருஷம் சர்வர் பேகத்தையும் அழைத்துக்கொண்டு போகிறார். எப்போது என்று கேட்டேன். சித்திரை நடுவில் உருசு என்றார். உன் நைனா, "இன்னா பாய், கத்திரி வெயில் நேரத்திலயா, கொஞ்சம் தள்ளி வச்சிக்கக் கூடாதா" என்று கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே, "எங்க மாசம் உங்க மாசம் மாதிரி ஒரே எடத்துல குந்திகினு இருக்காதுங்க. வருசத்துக்குப் பத்து நாளு முன்னால நவுந்துகினே வரும். எங்கப்பாகூட மொத தபா போனப்ப நல்ல குளிரு. அப்புறம் ஆடில வந்துச்சு, இப்ப வெயில்ல வந்து நிக்குது. இன்னும் ஏழெட்டு வருசம் போனா மறுபடி குளிருக்கு வந்துடும்" என்றார். அப்படியானால் ஏழெட்டு வருஷம் பொறுத்துப் போகலாமே என்றார் உன் நைனா, உண்மையாகவே. அன்று அவருக்கு இரண்டாவது முறை மோர் ஊற்ற எனக்கு மனம் வரவில்லை.

சித்திரைக்கு நீ என்ன எழுதியிருக்கிறாய் என்று அதன் பிறகுதான் தேடினேன். ஒன்றுமே இல்லை. மணலில் காற்று வரைகிற கோலத்தைப் பற்றி மாசியில் ஒரு பக்கம் எழுதுகிற பெண், சித்திரை, வைகாசி, ஆனி மூன்று மாதமும் நலம், நலமறிய அவா என்பதோடு நிறுத்திவிடுகிறாய். போன தடவை லீவில் வந்தபோது நான் கேட்டதற்கும், "கொஞ்சம் வெயிலா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு முருங்கைக்காய் நறுக்கப் போய்விட்டாய். நீ சின்னப் பெண்ணாக இருந்தபோதும் இப்படித்தான். பள்ளிக்கூடத்தில் அடிவாங்கி வந்த அன்றைக்கு மட்டும் எதுவும் பேசாமல் பாத்திரம் தேய்ப்பாய். நீ விட்டுப்போன பூகோளப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பிரதேசத்தில் கோடையில் அனல் காற்று வீசும், கிணறுகள் வற்றும், மக்கள் ஒட்டகத்தைச் சார்ந்து வாழ்கின்றனர் என்று போட்டிருக்கிறது. பெரிய டாக்டர் வருஷா வருஷம் சித்திரை வந்தால் லீவில் போய்விடுவார் என்று நீயே ஒரு முறை வேறு ஏதோ பேச்சில் சொன்னாய். இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது எனக்கு விளங்கியது. அந்த மூன்று மாதமும் அந்த ஊர்ப் பெண்கள் யாரைச் சார்ந்து வாழ்கின்றனர் என்பதைப் புத்தகம் போட்டவர் விட்டுவிட்டார். பிள்ளை பெறுகிறவள் வெயில் தணியட்டும் என்று காத்திருக்க முடியாது. அவளுக்கு உருசுபோல நகர்கிற மாதமும் கிடையாது. போன கோடையில் நீ தனியாக நின்று அத்தனையும் பார்த்திருக்கிறாய், எனக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுதாததற்குக் கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும். அன்றைக்குத் தெருவில் நடந்தபோது நான் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தேன் என்று சர்வர் பேகம் சொல்கிறாள். இப்போது என் கணுக்காலுக்காக நீ அதே சித்திரையில் அவர்களை விட்டுவிட்டு வரப் போகிறாய். அந்தப் பெருமை என் காலுக்கு வேண்டாம். ஆகவே சித்திரையிலேயே வருவது என்று முடிவு செய்தேன். மயிலையும் கோட்டையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நீ சொல்லாத காலத்தைத்தான் நான் பார்க்க வேண்டும்.

உன் அத்தைக்குச் செய்தி எட்டியது. "ஏன் ஜெயா, தொணைக்கு நம்ம ஜனத்துல யாரும் கெடைக்கலியா" என்று கேட்டாள். நம் ஜனத்தில், அம்சா ஊருக்கு ரயிலைவிட்டு இறங்குகிற ஜோத்பூர் வரை போகிறவர் யார் என்று சொல்லுங்கள், இன்றைக்கே கேட்கிறேன் என்றேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்தவர்களில் திருவாலங்காட்டைத் தாண்டியவர் யாரும் அகப்படவில்லை. அதற்குள் உன் நைனா கடைசி ஆயுதமாகப் பஞ்சாங்கத்தையும் வேதாசலம் ஜோசியரையும் கொண்டுவந்துவிட்டார். ஜெய்சல்மீர் வடமேற்கு. வடக்கே சூலம் செவ்வாய், புதன். மேற்கே சூலம் வெள்ளி, ஞாயிறு. சரி, மிச்ச நாளில் போகிறேன் என்றேன். பம்பாய் மெயில் நம் ஊரில் நிற்காதே, அரக்கோணம் போய்த்தானே ஏற வேண்டும், அது தென்கிழக்கு அல்லவா என்றார் ஜோசியர். தெற்கே சூலம் வியாழன். கிழக்கே திங்கள், சனி. ஆக, திருத்தணியில் குடியிருப்பவர்கள் ஜெய்சல்மீருக்குப் புறப்பட வாரத்தில் நாளே இல்லை என்று சாஸ்திரப்படி நிரூபணமாகிவிட்டது. பிறக்கப் போகிற வருஷத்தின் பெயர் விரோதி, அதிலுமா பிரயாணம் என்றும் சேர்த்துக்கொண்டார்கள். உன் நைனா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பரஸ்தானம் வைக்கலாமா என்று மட்டும் ஜோசியரைக் கேட்டேன். நல்ல நாளில் புறப்பட முடியாதவர்கள் தம் சாமான் ஒன்றை முன்னதாக வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் அன்றைக்கே புறப்பட்டதாகக் கணக்கு, பிறகு எந்த நாளில் போனாலும் தோஷமில்லை என்பது உனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். இல்லையென்று சொல்ல முடியாமல் தலையாட்டினார். சாதாரணமாகச் சில நாளைக்குத்தான் செல்லும், இது தூரதேசமானதால் நாளும் நீளும் என்று அவரே ஒரு தீர்ப்பும் சொன்னார். நல்ல மனிதர்.

நம் வீட்டுக்கு வடமேற்கில், உன் ஊர் இருக்கிற அதே திசையில் இருப்பது குலாம் ரசூல் அண்ணன் வீடு. திங்கட்கிழமை காலையில் என் பையைக் கொண்டுபோய் அங்கே வைத்துவிட்டேன். சர்வர் பேகம் அதைத் தொழுகைப் பாய் வைக்கிற பலகையின்மேல் இடம் ஒழித்து வைத்திருக்கிறாள். குலாம் ரசூல் அண்ணன், "அம்சா பாப்பா கையில ஒப்படைச்சிட்டுத்தாம்மா நாங்க அஜ்மீர் வண்டி ஏறுவோம்" என்று சொல்லியிருக்கிறார். பையில் எனக்கு இரண்டு புடவை, உனக்கு மாவடு, திருநீறு. மீதியெல்லாம் பிறந்த குழந்தைகளைச் சுற்ற மெத்தென்ற பழைய துணி, அம்மையார்குப்பத்து வீடுகளில் பெண்கள் துவைத்துக் காயவைத்துக் கொடுத்தது. அவசரத்தில் என் மூக்குக்கண்ணாடியும் பையோடு போய்விட்டது. போன சாமான் பிரயாணம் முடியாமல் வாசற்படி திரும்பக் கூடாதே. அதனால் நாலு நாளாகப் பேப்பர் படிக்க இங்கேதான் வருகிறேன், இந்தக் காகிதத்தையும் சர்வர் பேகம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நேற்று உன் நைனா தாமாகவே வந்து, பையின்மேல் தம்முடைய குடையை வைத்துவிட்டுப் போனார். மழையில்லாத ஊருக்கு எதற்கு என்றேன். "வெயிலு இருக்குதுல்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் கடைக்குப் போய்விட்டார். இன்று காலை கடைப் பக்கம் போனபோது, வேட்டி வாங்க வந்த ஒருவரிடம், டாக்டரம்மாவுக்கு வேலை அதிகமாம், ஒத்தாசைக்கு ஊரிலிருந்து ஆள் அனுப்பச் சொல்லித் தந்தி வந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் உத்தியோகம் கிடைத்துவிட்டது.

சித்திரை முதல் வாரத்தில் வண்டி ஏறுகிறோம், ரயில் நேரத்தைத் தந்தியில் சொல்கிறேன். ஜோத்பூருக்கு நீ வரலாம். அன்றைக்குப் பிரசவம் ஏதாவது இருந்தால் வராதே, யாரையாவது அனுப்பு, இல்லையென்றால் நான் ஸ்டேஷனில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பேன், கண்ணாடி கையில் இருக்கும். உடம்பைப் பார்த்துக்கொள், தலையில் துணி போடாமல் வெயிலில் போகாதே, தண்ணீரைக் காய்ச்சிக் குடி, ஊராருக்குச் சொல்கிற புத்தியை நீயும் கேள். முருகன் அருளால் உன் கை தொட்ட பிள்ளைகளும் தாய்மார்களும் நூறு வயது வாழட்டும், அவர்களோடு நீயும் வாழ்வாயாக. ராஜினாமாவை எழுதி வைத்திருந்தால் கிழித்து அடுப்பில் போடு. இதையும் மீறி நீ ஊருக்கு வந்தால் வீட்டில் உன் நைனாவும் பஞ்சாங்கமும்தான் இருப்பார்கள், நான் இருக்க மாட்டேன். திங்கட்கிழமையே புறப்பட்டுவிட்டேன்.

வழியில் இருக்கும் உன் அம்மா,
ஜெயம்மாள்