கப்பல் மிதந்ததா

செவ்வாய்க் கோள், வடக்குக் கூடம்
நாள் 3112, காலை 07:10

காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. கரியமில வாயு வரம்புக்குள். புழுதியால் சூரியத் தகடுகள் பாதி வேலைதான் செய்கின்றன. மின்சாரம் மிச்சமாகட்டும் என்று திரைகளை அணைத்துவிட்டேன். எழுதுபவன் மாசிலாமணி, காற்று இயந்திரப் பராமரிப்பு. பட்டம் இல்லாதவன். இந்தக் குறிப்பைக் கண்டெடுப்பவர் அதையும் குறித்துக்கொள்ளட்டும்.

இங்கே மிச்சம் இருவர். வடக்கில் நான், தெற்கில் மிக்கேல். தனியாட்சி கேட்டவர்கள் வடக்கே, பூமியின் ஆட்சியே போதும் என்றவர்கள் தெற்கே எனப் பிரிந்தோம். பிறகு எல்லோரும் அலுத்துப்போய்க் கலமேறிப் பூமிக்குத் திரும்பினார்கள். அவன் போனால் நான் போவேன் என்றேன். அவன் போகவில்லை. இரண்டு கூடங்களுக்கும் நடுவிலுள்ள இரும்புக் கதவைப் பற்றவைத்து மூடியது நான்.

நாள் 3114, மாலை 16:40

திரை இல்லாததால் புத்தகம் எடுத்தேன். பிரிந்த பிறகு இதுதான் முதல் தடவை. அட்டை கிழிந்த கடல் கதை. உப்பு ஏற்றிய கப்பல் மணல்திட்டில் சிக்கி நிற்கும் இடத்தில் பக்கத்தின் மூலை மடிந்திருக்கிறது.

என் ஊரான முக்கூடலில் பீடி சுற்றும் கூடத்தில் ஒருவர் உரக்க வாசிப்பார், மற்றவர்கள் சுற்றுவார்கள். நான் படித்ததெல்லாம் அப்படிக் காதால் படித்ததுதான். அந்த வழக்கத்தை இங்கும் கொண்டுவந்தேன். வெளியே வேலை செய்பவனுக்கு உள்ளிருந்து வானொலியில் வாசிப்பேன். பக்கம் முடிந்ததும் அவன் ஒலிவாங்கியில் இரண்டு தட்டு தட்டுவான். கேட்கிறேன், மேலே படி என்று பொருள். முதலில் தட்டியவன் மிக்கேல்.

கடைசிக் கூட்டத்தில் நான் சட்டம் பேசியபோது அவன் எழுந்து, "அண்ணாச்சி பீடி சுத்துற எடத்துல கேட்ட சட்டம்லா இது" என்றான். சபை சிரித்தது. அன்றுதான் மூலையை மடித்தேன்.

நாள் 3115, காலை 09:05

தெற்கிலிருந்து அழைப்பு. பேசியதை அப்படியே பதிகிறேன்.

"அண்ணாச்சி, தல கனக்கு. தூக்கமா வருது. அந்தக் கப்பல் மிதந்துச்சா இல்லியா? மிச்சத்த வாசிங்களேன்."

"ஒங்க கட்சி ஆளுவள வாசிக்கச் சொல்லுடே."

"எங்க கட்சில தலைவனும் நாந்தான், தொண்டனும் நாந்தான். ரெண்டு பேருக்கும் சேத்து இருந்த ஒரு மூக்குக்கண்ணாடியும் ஒடஞ்சு போச்சு."

"அப்ப ரெண்டு பேரும் கூடி, மன்னிப்புக் கேக்கோம்னு தீர்மானம் போடுங்க."

"கதவத் தெறங்கன்னு நான் கேக்கல. கதையத்தான் கேக்கேன்."

"மன்னிப்புக் கேளு. வாசிக்கேன்."

அவன் இணைப்பைத் துண்டிக்கவில்லை. நான்தான் என் வானொலியை அணைத்தேன்.

தலை கனக்கிறது, தூக்கம் வருகிறது. காற்று இயந்திரக்காரனுக்கு அதன் அர்த்தம் தெரியவில்லை என்று எழுதினால் அது பொய்.

அதே நாள், பிற்பகல் 15:30

தனியாகப் படித்தேன். கடல் ஏறும்வரை பொறுப்போம் என்கிறார் கப்பல் தலைவர். உப்பைக் கடலில் கொட்டு என்கிறான் ஒருவன். கொட்டச் சொன்னவனை வெறுக்கத் தயாராக இருந்தேன். எழுதியவர் விடவில்லை. கப்பலின் அடியில் நீர் கசிவதை அவன் மட்டுமே பார்த்திருக்கிறான்.

மிக்கேலுக்கும் ஒரு கசிவு தெரிந்திருந்தது. பூமியைக் கேட்காமல் தண்ணீரை நாங்களே பங்கிட்ட ஆண்டில் அவன் மனைவி திரேசம்மாள் காய்ச்சலில் கிடந்தாள். கூடுதலாக ஒரு பங்கு கேட்டான். குழு மறுத்தது. மறுத்த கைகளில் என் கையும் ஒன்று. விதி எல்லோருக்கும் ஒன்று என்றேன். அவளைத் தெற்கே புதைத்தோம். அவன் கலமேறாததற்கு நான்தான் காரணம் என்று இத்தனை நாள் பெருமைப்பட்டிருக்கிறேன்.

என் வாக்கு சரியானது. இன்றும் அதையே போடுவேன். ஆனால் ஒரு கதைக்காரர் தன் முரடனுக்குக் கொடுத்த இடத்தை நான் மிக்கேலுக்குக் கொடுக்கவில்லை.

நாள் 3116, காலை 08:20

வானொலியைத் திறந்து வாசிக்கத் தொடங்கினேன். அவன் மன்னிப்புக் கேட்கவில்லை, ஆனாலும் வாசிக்கிறேன். இவ்வளவுதான் என்னால் இறங்க முடியும். கதவு வேறு விஷயம்.

முதல் பக்கம் முடிந்தது. இரண்டு தட்டு. குரல் இல்லை. ரோஷக்காரன்.

அதே நாள், பிற்பகல் 13:30

தட்டு தவறாமல் வந்தது. சில சமயம் பக்கம் முடியும் முன்பே வந்தது. அவசரத்தைப் பார் என்று சிரித்தேன். நெடுநாளுக்குப் பிறகு சிரித்தேன்.

கடைசி அத்தியாயத்துக்கு முன் வேண்டுமென்றே நிறுத்தினேன். "மிதந்துச்சான்னு தெரியணும்னா வாயத் தொறந்து கேளுடே" என்றேன். மன்னிப்புகூட வேண்டாம், அண்ணாச்சி என்று ஒரு வார்த்தை போதும் என்று காத்திருந்தேன்.

இரண்டு தட்டு.

நான் வாசிக்கவில்லை.

இரண்டு தட்டு.

மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். இரண்டு தட்டு. ஒரே இடைவெளி. மனிதக் கை இவ்வளவு ஒழுங்காகத் தட்டாது.

அதே நாள், மாலை 17:15

கதவை அறுத்துத் திறந்தேன். எளிதில் விடவில்லை. நல்ல பற்றவைப்பு. என் வேலை.

மிக்கேல் ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்தபடியே இருந்தான். உடம்பு விறைத்துவிட்டது. போனது நேற்றாக இருக்க வேண்டும். அவன் தலைக்கு மேலே காற்றுக்குழாயின் பிடி கழன்று தொங்குகிறது. விசிறி விட்டுவிட்டுச் சுழன்று குழாயை அசைக்கும்போதெல்லாம் அது சுவரில் இரண்டு தட்டு தட்டுகிறது. விசிறி ஓடுகிறது. கரியமில வாயு வடிகட்டிதான் செத்துக் கிடக்கிறது.

பிரிவினையில் மாற்று வடிகட்டிகள் எல்லாம் வடக்குக்கு வந்தன. அப்படித் தீர்மானம் எழுதியவன் நான். உறை பிரிக்காமல் என் கிடங்கில் இருக்கின்றன.

நாள் 3117, காலை 07:10

காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி.

புது வடிகட்டியை அவன் இயந்திரத்தில் மாட்டினேன். ஒரு தேநீர் குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. இரண்டு கூடத்திலும் காற்று நன்றாக இருக்கிறது. அவனைத் திரேசம்மாள் பக்கத்தில் வைத்தேன். கதவை மூடவில்லை.

குழாயின் பிடியை மட்டும் இறுக்கவில்லை.

அவன் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். புத்தகம் மடியில் இருக்கிறது. கடைசி அத்தியாயம். வாயைத் திறந்தால் முதல் வரி வரவில்லை.

இரண்டு தட்டு.

வாசிக்கேன், மிக்கேல். கொஞ்சம் பொறு. வாசிக்கேன்.

இரண்டு தட்டு.

கப்பல்