சிம்ரா பந்து எறியும் கை

அன்பு மகள் ஜஹீதாவுக்கு, அத்தா எழுதுகிறேன். அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வின் அருளால் இங்கே திருவல்லிக்கேணியில் நானும் உன் அம்மாவும் உன் மகள் சிம்ராவும் சுகம், மஸ்கட்டில் நீயும் ஃபராஸ் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். இதை எழுதி முடித்ததும் அம்மா போனில் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். எழுத்து கோணலாக இருக்கிறதே, அத்தாவுக்குக் கை நடுங்குகிறதோ என்று பதறாதே, காரணம் கடைசியில் வரும். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, ஆனால் நீ அனுப்பிய பேரீச்சம்பழ டப்பா மட்டும் தானாகக் காலியாகிக்கொண்டு வருகிறது, கேட்டால் எறும்பாம்.

போன வாரம் நீ போனில் அழுதது மனசை விட்டுப் போகவில்லை. சிம்ரா இனி கிரிக்கெட் வகுப்புக்குப் போக மாட்டேன் என்கிறாள், சரோஜாதேவி மிஸ்ஸும் பிள்ளைக்குக் கையில் பலம் வரவில்லை, பந்து நாலடியில் விழுகிறது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார் என்று நான் சொன்னதும், ஐந்தரை வயசுப் பிள்ளையை விட்டுவிட்டு வந்தேனே, அந்த ஏக்கத்தில்தான் இப்படி ஆகிவிட்டாள் என்று உன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டாய். கூடவே, மந்தைவெளி வரைக்கும் ரயிலில் கூட்டிப்போய் கேட்டில் விட்டுவிட்டு டீக்கடையில் பேப்பர் படிக்காதீர்கள், ஒரு நாளாவது உள்ளே உட்கார்ந்து பாருங்கள் என்றாய். அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது சொல்கிறேன், நீ நன்றாக இருக்க வேண்டும் ஜஹீதா, நீ சொல்லாவிட்டால் நான் உள்ளே போயிருக்கவே மாட்டேன்.

சனிக்கிழமை சிம்ராவை ஒருவழியாகச் சமாதானப்படுத்திக் கூட்டிப்போய், நானும் உள்ளே உட்கார்ந்தேன். பிள்ளைகள் வட்டமாக நின்று பந்தை ஒருவருக்கொருவர் எறிந்து பழகினார்கள். நம் சிம்ராவும் எறிந்தாள், விர்ரென்று எதிரில் நின்ற ஷ்ரேயாவின் கைக்கே போனது. இதுவா பலமில்லாத கை என்று எழுந்து நின்றேன். பிறகு மிஸ் ஒவ்வொருவராகத் தன்னிடம் எறியச் சொன்னார். சிம்ரா முறை வந்தது, பந்தை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக்கொண்டு எறிந்தாள், பொத்தென்று நாலடியில் விழுந்தது. மூன்று தடவையும் அப்படியே. நாற்பது வருஷம் ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் லேத் ஓட்டியவன் நான், இரும்பில் அரை நூல் பிசகினாலும் பிடித்துவிடுவேன், வீட்டில் இருக்கிற பிள்ளையின் கையைப் பார்க்கத் தெரியவில்லை. சேர்க்கும்போது படிவத்தில் எந்தக் கை என்று கேட்டிருந்தார்கள், சாப்பிடுவதும் வலது, எழுதுவதும் வலது, வேறென்ன என்று வலது என்றே நிரப்பிக் கொடுத்தவனும் நான்தான்.

சிம்ராவைக் கூப்பிட்டு, ஏன்மா கையை மாத்தினே, நன்னாகிட்ட சொல்லு என்று மெதுவாகக் கேட்டேன். மிஸ் பெரியவங்க இல்லையா நன்னா, பெரியவங்களுக்கு இடது கையால குடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க என்றாள். பெருநாள் அன்று எதிர்வீட்டு வேதாந்தம் சாருக்குச் சேமியாக் கிண்ணத்தை இடது கையால் நீட்டினாள் என்று புறங்கையில் ஒரு தட்டு தட்டினேன், அவள் அழவில்லை, நான் அதோடு மறந்துவிட்டேன். அவள் மறக்கவில்லை. மரியாதை கெடக்கூடாது என்று தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறாள். உன் மேல் ஏக்கம் இல்லாமல் இல்லை, ஆனால் பந்து விழுந்ததற்கு நீ காரணமில்லை, நான்தான்.

மிஸ்ஸிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, நானும் எங்கிட்ட வர்ற பந்த மட்டும்தான பாத்துகினு இருந்தேன் பாய், தப்பு என்னுதும்தான் என்றார். சில பிள்ளைங்க எழுதுறது ஒரு கை, எறியுறது ஒரு கை, அத்த நாம மாத்தக் கூடாது என்றும் சொன்னார். படிவத்தை எடுத்து வலது என்பதை என் கண் முன்னாலேயே அடித்துவிட்டார். அடுத்த வருஷம் என்ற பேச்சும் அதோடு போயிற்று. அந்த அம்மாவுக்கு நான் எத்தனை துஆ செய்தாலும் தகும்.

சாப்பாடும் கொடுக்கல் வாங்கலும் வலது கையால்தான், பந்து வேறு, அது எந்தக் கையில் சுகமாக வருகிறதோ அந்தக் கை என்று சிம்ராவிடம் சொன்னேன். நன்னாவுக்குமா என்று கேட்டாள். நன்னாவுக்கும்தான் என்று சொல்லிப் பதினைந்து அடி தள்ளி நின்றேன். வந்த வேகத்தை நான் எதிர்பார்க்கவில்லை. வலது கட்டைவிரல் வீங்கி, மிஸ்ஸே ஐஸ் வைத்துக் கட்டினார். அன்று நான் தட்டியதற்கு இது சரியாகப் போயிற்று. சிம்ரா பயந்து போனாள், நான் சிரித்ததைப் பார்த்த பிறகுதான் அவளும் சிரித்தாள். இப்போது விடிந்ததும் ஷூவைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.

அல்லாஹ் உங்கள் இருவருக்கும் உடம்பு சுகத்தையும், மூன்று பேரும் ஒன்றாக இருக்கச் சீக்கிரம் ஒரு வீட்டையும் தருவானாக. வேளைக்குச் சாப்பிடு, டியூட்டி என்று தள்ளிப் போடாதே. டிசம்பரில் நீ வந்ததும் அவள் உன்னிடம்தான் முதலில் எறிந்து காட்டுவாளாம். நீயும் பெரியவள்தான், ஆனாலும் இடது கையால்தான் வரும். கையை நன்றாகக் குவித்து வைத்துக்கொள்.

வீங்கிய விரலோடும் நிறைந்த மனசோடும்
உன் அத்தா,
கரீமுல்லா