பால்கனிச் சாமந்தி

அன்புள்ள மச்சானுக்கு,

சலாம். செம்பூர் மலர்க் கண்காட்சியில் என் சாமந்திக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு, உங்கள் குர்லா பட்டறையில் கணக்கு எழுதும் பரீஹாவுக்கு.

அவள் பூவிலும் இதழ் நுனியில் அதே மஞ்சள். அது நானே உருவாக்கிய ரகம். நம் பால்கனியைத் தாண்டாதது. செடி எங்கே கிடைத்தது என்று மேடையில் கேட்டார்கள். "தெரிஞ்சவுஹ பிரியமா தந்தாஹ" என்றாள். நீங்கள்தான் பலமாகக் கைதட்டினீர்கள். பால்கனியில் மண் சிந்தினாலே முகம் சுளிப்பவர், கன்றை ரயில் நெரிசலில் நசுங்காமல் கொண்டுபோயிருக்கிறீர்கள்.

இன்று தாய்ச்செடியை அவள் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தேன். பக்கத்தில் உங்கள் துணிப்பெட்டி. "தெனமும் காலையில செடிக்குத் தண்ணி, அவுஹளுக்குச் சுகர் மாத்திரை. எதை மறந்தாலும் வாடிரும்" என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
இரண்டாம் பரிசு